ஒரு நிமிடத்தில் எத்தனை மல்லாட்டை

1

இந்த நாட்டில் பார்சல் நேராக வீட்டுக்கு வந்துவிடாது. முதலில் ஒரு கடிதம் வரும். உங்கள் பெயருக்கு ஒரு பெட்டி வந்திருக்கிறது, உள்ளே என்ன, யார் அனுப்பினார், எதற்கு அனுப்பினார், என்ன விலை, எல்லாவற்றுக்கும் சான்று எடுத்துக்கொண்டு சுங்க அலுவலகத்துக்கு வாருங்கள் என்று. ஜெர்மனியின் டோர்ட்முண்டுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. இன்னும் அந்தக் கடிதம் வந்தால் ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரிதான் போய் வரிசையில் நிற்பேன்.

பெட்டி திண்டிவனத்திலிருந்து வந்திருந்தது. அண்ணி கட்டி அனுப்பியது. ஒரு பெட்டிக்கு மூன்று பெட்டிக்கான டேப் சுற்றியிருந்தார். அதிகாரி கத்தியால் அறுத்துத் திறந்தார். உள்ளே கசக்கித் திணித்த தாள்கள், நடுவில் ஒரு சின்ன மிஷின், அதன் ஒயர்கள்.

"இது என்ன?"

"தசை வேலை செய்வதைக் காட்டும் கருவி. இங்கேயுள்ள மருத்துவமனையின் சொத்து. என் அண்ணனுக்காகக் கேட்டு வாங்கி அனுப்பினேன். இப்போது திரும்பி வருகிறது."

"போகும்போது ஏன் அறிவிக்கவில்லை?"

போகும்போது ஊருக்குப் போன ஒருவரின் பெட்டியில், ரெண்டு ஜீன்ஸுக்கு நடுவில் போனது. அதையா சொல்ல முடியும்? தெரியவில்லை என்றேன். பதினாறு வருடத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்ட ஜெர்மன் வாக்கியம் அது. அவர் கசங்கிய தாளில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். முருகர் படம், தேதி, ராகுகாலம், எமகண்டம்.

"இந்தத் தாள்கள்?"

"குப்பை" என்றேன். "அடைப்பதற்கு வைத்தது."

அவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். மூன்று படிவம், நான்கு கையெழுத்து. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். குப்பை என்று சொன்ன வாயை இப்போது என்ன செய்வது?

2

என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் கேட்டால் அப்பா இருந்தவரை "ஜெர்மனில டாக்டரு" என்பார். டாக்டர் எல்லாம் இல்லை. ஊரில் படித்த பிசியோதெரபிக்கு இங்கே பாதி மதிப்புதான் கொடுத்தார்கள். மீதிப் பாதிக்கு மூன்று தேர்வு எழுத வேண்டும், நான் இரண்டோடு நின்றுவிட்டேன். பக்கவாதம் வந்தவர்களின் கையில் பட்டைகளை ஒட்டி, மிஷினோடு இணைத்து, எண்களைக் குறித்துக்கொடுக்கும் உதவியாளராக இருந்தேன். ஒப்பந்த வேலை. வருடா வருடம் புதுப்பிப்பார்கள், புதுப்பித்தால்தான் உண்டு.

அந்த மிஷின் செய்வது எளிய காரியம். கை செத்துக் கிடப்பது போலத் தெரிந்தாலும் உள்ளே தசை கொஞ்சம் முயலும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த முயற்சியை மிஷின் விளக்காகக் காட்டும். கொஞ்சம் முயன்றால் ஒரு விளக்கு, இன்னும் முயன்றால் இரண்டு, மூன்று. தான் சொல்வதைக் கை கேட்கிறது என்று நோயாளிக்குத் தெரிந்தால் அவர் விடமாட்டார். பயோஃபீட்பேக் என்று பெயர். பெயர்தான் பெரிசு.

என் அண்ணன் ஏழுமலை திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சுற்று வட்டாரத்தில் பம்புசெட் மோட்டார் புகைந்தால் அவரிடம்தான் வரும். முந்தின வருடம் கார்த்திகையில் கடையிலேயே சாய்ந்துவிட்டார். உயிர் தப்பியது, வலது பக்கம் போனது. கால் மெல்ல வந்துவிட்டது. கை வரவில்லை. வாரம் இரண்டு நாள் பஸ் பிடித்து விழுப்புரத்தில் பிசியோதெரபிக்குப் போய் வந்தார்.

அவருக்கு இருந்தது ஒரே கவலை. வைகாசியில் மகள் வாணிக்குக் கல்யாணம் குறித்திருந்தார்கள். "தாரை வாக்கறது சோத்துக் கையாலதான வாக்கணும்? பீச்சாங் கையால வாத்துக் குடுத்தா சம்பந்தி வூட்டுல இன்னா நெனப்பாங்க?" என்றார் போனில். அதற்கு முன்னும் பின்னும் அவர் அழுது நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

அடுத்த நாளே எங்கள் தலைமை மருத்துவரிடம் போய் நின்றேன். பழைய மிஷின் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார் அந்த அம்மாள். கொடுக்கும்போதே சொன்னார்: "உதவி செய், ஆராய்ச்சி செய்யாதே. சொந்தக்காரர்களை வைத்து ஆராய்ச்சி செய்யக் கூடாது." சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுவதில் நம்மை யார் மிஞ்ச முடியும்?

3

இனி வருவது என் தப்பு. நானே சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒரு நோயாளியை வைத்தும் ஆராய்ச்சி செய்யலாம். நூறு பேர் தேவையில்லை. அந்த ஒருவரை அவரோடேயே ஒப்பிட வேண்டும். முதலில் சிகிச்சை இல்லாமல் சில நாள் அளக்க வேண்டும். பிறகு சிகிச்சை கொடுத்து அளக்க வேண்டும். ஏறும். ஏறியது சிகிச்சையால்தானா, நாளாக ஆகத் தானே தேறியதா? அதை அறிய, சிகிச்சையை நடுவில் நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் இறங்கினால், ஏற்றியது சிகிச்சைதான் என்று அர்த்தம். மறுபடி கொடுக்க வேண்டும், மறுபடி ஏறும். இறங்காமல் அப்படியே நின்றால் அது தானாகத் தேறிய கை, மிஷின் வெறும் அலங்காரம்.

நிறுத்தாமல் செய்யவும் வழி இருக்கிறது. மணிக்கட்டுக்கு முதலில், விரலுக்கு அப்புறம், முழங்கைக்கு அதற்கும் அப்புறம் என்று தள்ளித் தள்ளித் தொடங்கலாம். எதற்குத் தொடங்குகிறோமோ அது மட்டும் ஏறுகிறதா என்று பார்க்கலாம். யாருக்கும் எதையும் பறிக்க வேண்டாம். எனக்கு அது தெரியும். ஆனால் அது பல மாதம் இழுக்கும். என் ஒப்பந்தம் ஆடியில் முடிவதாக இருந்தது. என் பெயர் போட்டு ஒரு கட்டுரை வந்தால் ஒப்பந்தம் நிலைக்கும் என்று கணக்குப் போட்டேன். அண்ணன் கைக்காக மட்டும்தான் செய்தேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

எதை அளப்பது? மிஷினின் விளக்கு மட்டும் போதாது, வாழ்க்கைக்கு உதவும் ஒன்றை அளக்க வேண்டும். தோலுரிக்காத மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஒரு தட்டில் கொட்டி, வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்துத் தட்டில் போட வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை? அண்ணி சரோஜா போனில் நேரம் பார்த்து, எண்ணி, நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும்.

அண்ணனுக்கு மிஷின் ஒரே நாளில் புரிந்துவிட்டது. "அட, இது நம்ம மல்டிமீட்டருதான் தேவி! ஒயருல கரண்டு வருதான்னு பாக்கற மாதிரி, கையில உசுரு வருதான்னு பாக்குது" என்றார்.

தையில் பத்து நாள் மிஷின் இல்லாமல் அளந்தோம். இரண்டு, மூன்று, இரண்டு. மாசியில் மிஷின் போட்டோம். நான்கு, ஆறு, ஐந்து, எட்டு. மாசிக் கடைசியில் பதினொன்று. அன்று வீடியோவில் அண்ணி முகத்தைப் பார்க்க வேண்டுமே! "காலைல இட்லிய அவரே புட்டுத் துன்னாரு தேவி. மேல்மலையனூரு அம்மனுக்கு வேண்டிக்கினு இருக்கேன், அமாவாசைக்குப் போய்ட்டு வந்துடறோம்" என்றார்.

பங்குனி பிறந்ததும் சொன்னேன்: "அண்ணி, ரெண்டு வாரத்துக்கு மிஷின எடுத்து பீரோல வச்சிடுங்க. எண்ணறத மட்டும் நிறுத்தாதீங்க."

"ஏன் தேவி? நல்லா வந்துக்கினு இருக்குதே."

"அது ஒரு முறை அண்ணி. சொன்னாப் புரியாது."

சொன்னால் புரிந்திருக்கும். இறங்கினாலும் பயப்படாதீங்க, இறங்கத்தான் வேணும், இறங்கினால்தான் மிஷின் நல்லது என்று அர்த்தம், மறுபடி போடுவோம் என்று இரண்டு வரி போதும். சொல்லக் கூடாது என்பதும் முறைதான். இறங்கும் என்று முன்பே சொன்னால் நோயாளியே அறியாமல் இறக்கிவிடுவார், எண் கெட்டுவிடும். எண் கெடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

4

அந்த இரண்டு வாரமும் படம் வந்தது. பதினொன்று, பதினொன்று, பன்னிரண்டு, பன்னிரண்டு, பதிமூன்று. மிஷின் பீரோவில் கிடக்கிறது, கை பாட்டுக்கு ஏறுகிறது. தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டேன். கோடு எங்கேயும் தாழவில்லை.

இந்த ஊர் நோயாளி ஒருவருடைய கோடு அப்படி இருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். ஒரு நாள் தூக்கம் வராது, ஒரு நாள் மழை, ஒரு நாள் மனைவியோடு சண்டை. மனிதனின் கோடு ஏறி இறங்கித்தான் போகும். கெட்ட நாளே இல்லாத நோயாளி உலகத்தில் இல்லை. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் இது எங்கள் வீட்டு நோட்டு, எங்கள் அண்ணி கையெழுத்து. சந்தேகம் எங்கிருந்து வரும்?

மிஷினுக்குப் பலன் இல்லை, கை தானாகத் தேறுகிறது என்று முடிவு கட்டினேன். தலைமை மருத்துவரிடம் போய் என் அண்ணனுடைய அளவு வரிசை முடிந்தது என்று ஜெர்மனில் சொல்ல நினைத்தேன். என் அண்ணன் முடிந்தான் என்று வந்துவிட்டது. அந்த அம்மாள் பதறிப்போய் எழுந்துவிட்டார். பிறகு புரிந்து சிரித்தோம்.

அண்ணிக்குப் போன் செய்தேன். "மிஷின் இனிமே தேவையில்ல அண்ணி. கை தானா வந்துடுச்சு. சும்மா பயிற்சி மட்டும் பண்ணச் சொல்லுங்க."

அண்ணி கேட்டார்: "போட வேணாமா? திரும்பப் போடலாம்னு நீ சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தோம்."

"வேணாம் அண்ணி."

"செரி. நீ படிச்சவ."

வைகாசிக் கல்யாணத்துக்கு என்னால் போக முடியவில்லை. குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன், அது கையில் இல்லாமல் வெளியே போனால் உள்ளே வருவது நிச்சயமில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். வீடியோவில் பார்த்தேன். தாரை வார்க்கும்போது சரியாக யாருடைய முதுகோ குறுக்கே வந்தது. பிறகு வந்த போட்டோக்களில் அண்ணனின் வலது கை துண்டுக்கு அடியில் இருந்தது. வெயிலுக்குத் துண்டு போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். கழுதை நான், துண்டை யாராவது கைக்கா போடுவார்கள்?

கட்டுரைக்கு எழுத ஒன்றும் இருக்கவில்லை. ஒப்பந்தத்தை ஆறு மாதம் நீட்டினார்கள், தையோடு அதுவும் முடிந்தது. சாமான் கணக்கை முடிக்க மிஷினைத் திருப்பிக் கொடு என்று கடிதம் வந்தது. அதனால்தான் இந்தப் பெட்டி.

5

வீட்டுக்கு வந்து மிஷினை எடுத்து வைத்துவிட்டு, தாள்களைக் குப்பையில் போட அள்ளினேன். ஒரு தாளின் பின்பக்கம் பேனாவால் 7 என்று எழுதியிருந்தது. கோணல் மாணலான 7. இன்னொன்றில் 5. இன்னொன்றில் 4.

நம் வீடுகளில் தினமும் கிழிக்கும் காலண்டர். ராத்திரி அன்றைய தாளைக் கிழித்து ஆணியில் குத்தி வைப்பது அண்ணனின் பழக்கம். அந்தத் தாளின் முதுகில், இடது கையால், அன்றன்று எடுத்த மல்லாட்டையை எழுதியிருக்கிறார். மோட்டார் கடையிலும் அப்படித்தான். மீட்டர் என்ன காட்டுகிறதோ அதைத்தான் எழுதுவார், வாடிக்கையாளர் கெஞ்சினாலும் மாற்ற மாட்டார். அண்ணிக்கு அது வெறும் பழைய தாள். பெட்டியை அடைக்க எடுத்திருக்கிறார்.

தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீவி, தேதிப்படி அடுக்கினேன். சில நாள் இல்லை. பெரும்பாலும் இருந்தது.

தையும் மாசியும் நோட்டோடு ஒத்துப்போயின. ஏறுகிற வரைக்கும் யாருக்கும் பொய் தேவைப்படவில்லை. பங்குனியில் மிஷினை எடுத்த மறுநாள் 10. பிறகு 8. 7. 5. 4. 4. 3. அண்ணி எனக்குப் பதிமூன்று என்று அனுப்பிய நாளின் தாளில் 3.

மிஷின் வேலை செய்திருக்கிறது. பாடப் புத்தகத்தில் போடலாம், அவ்வளவு சுத்தமான இறக்கம். விளக்கு இல்லாமல் கை கேட்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை, முயற்சி மெல்ல விட்டுப்போயிருக்கிறது. அந்த 3ஐ நான் பார்த்திருந்தால் அன்று மாலையே மிஷினைத் திரும்ப மாட்டச் சொல்லியிருப்பேன்.

தாள்கள் அதோடு நிற்கவில்லை. நான் முடிந்தது என்று சொன்ன பிறகும், யாரும் கேட்காமலே, சித்திரை முழுக்க எண்ணியிருக்கிறார். 3, 2, 2, 2, 1. முகூர்த்த நாள் தாளும் இருந்தது. கல்யாண வேலை அத்தனை இருந்த காலையிலும் தட்டை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறார். பின்பக்கம் 0. அதற்கு அப்புறம் தாள் இல்லை.

நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுததைப் பார்த்து என் மகள் இலக்கியா வந்தாள். பதினைந்து வயது. பெயர்தான் இலக்கியா, தமிழ் எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. நான் தமிழில் பேசுவேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள்; எங்கள் வீட்டு வழக்கம் இது. எண்கள் அவளுக்குப் புரிந்தன. நோட்டுப் படங்களையும் தாள்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பொய் சொல்லிட்டாங்க, என் அண்ணி என்கிட்ட பொய் சொல்லிட்டாங்க" என்றேன்.

"நீயும்தானே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர்களிடம் பொய் சொல்கிறாய்?" என்றாள், அவள் பாஷையில். "அப்பா டூட்டிக்குப் போயிருக்கிறார், அப்பா தூங்குகிறார், அப்பா கடைக்குப் போயிருக்கிறார். அப்பா வீட்டை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. உங்கள் குடும்பத்தில் எல்லோரும் எல்லோரிடமும் நல்லா இருக்கேன் என்று மட்டும்தான் சொல்கிறீர்கள். பிறகு எதற்குப் போன் செய்கிறீர்கள்?"

ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல் வந்தது. விடவில்லை. இங்கே அடித்தால் அதற்கும் ஒரு அலுவலகம் இருக்கிறது. தவிர, அவள் சொன்னதில் எதை மறுப்பது?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அங்கிருந்து ஒரு பூசணி, இங்கிருந்து ஒரு பூசணி. வெளியூரில் இருப்பவளுக்குக் கெட்ட சேதி சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்பா படுத்த படுக்கையானதையே எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் சொன்னார்கள். அது தெரிந்தும், கெட்ட சேதி வந்தே தீர வேண்டிய ஒரு முறையை அந்த வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

6

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். அண்ணி எடுத்தார்.

"பார்சலு வந்துதா தேவி? ஒடயாம வந்துதா? நாங்கல்லாம் நல்லா இருக்கோம்."

அண்ணியிடம் கேட்கத்தான் போன் செய்தேன். அந்தக் குரலைக் கேட்டதும் "அண்ணன்கிட்ட குடுங்க அண்ணி" என்றேன்.

"ண்ணா, காலண்டர் தாளெல்லாம் பாத்தேன்."

டிவி ஓடும் சத்தம் கேட்டது. அண்ணன் யாரிடமோ அதை நிறுத்தச் சொன்னார்.

"அவளத் திட்டாத" என்றார். "நான்தான் எழுதச் சொன்னேன். எறங்குதுன்னு எழுதி அனுப்புனா நீ அங்க ஒண்டியா கெடந்து சோறு துன்னுவியா? மாப்ள வேற..." நிறுத்திவிட்டார்.

"மாப்ள வேற என்ன ண்ணா?"

"மூணு வருசமா டூட்டிக்கே போய்க்கினு இருக்காரு. இன்னா டூட்டி அது? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? கை போச்சு, மூளையுமா போச்சு?"

சொன்னேன். கணவர் விட்டுப் போனது, வேலை போனது, தேர்வு முடிக்காதது எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். அங்கே அண்ணி விசும்புவது கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறார்கள்.

"ண்ணா, அந்த ரெண்டு வாரம்... அது எறங்கணும் ண்ணா. எறங்குனாத்தான் மிஷினு நல்லதுன்னு தெரியும். நான் உன்கிட்ட சொல்லல. என் பேருக்கு ஒரு கட்டுர எழுதணும்னு ஆச. உன் கைய வச்சு எழுதப் பாத்தேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"மிஷினு திரும்பி வருமா?" என்றார்.

"வராது ண்ணா. நாளைக்கு ஒப்படைக்கணும். இப்ப நான் அங்க வேலையில இல்ல, கேட்டாலும் தர மாட்டாங்க. வேற ஒண்ணு வாங்க முடியுமான்னு பாக்கறேன். ஆனா ஒரு வருசம் ஆயிடுச்சு. வெரலு மடங்கிப் போயிருக்கும். வரும்னு சொல்ல மாட்டேன்."

"ம்."

"இப்ப எத்தனை எடுக்க முடியுது?"

"விடு."

"நெசத்த சொல்லு ண்ணா. நானும் சொல்லிட்டேன் இல்ல?"

"சரோஜா, மல்லாட்ட இருக்குதா பாரு" என்று உள்ளே குரல் கொடுத்தார். தட்டு வைக்கும் சத்தம். மல்லாட்டை கொட்டும் சத்தம். அண்ணி "ம், ஆரம்பி" என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இலக்கியா கதவருகே வந்து நின்றாள். அந்த ஒரு நிமிடமும் அண்ணன் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"ஒண்ணு எடுத்தேன்" என்றார். "நடுவுல வுழுந்துடுச்சு."

"வுழுந்தா கணக்கில்ல ண்ணா."

"அப்ப பூஜ்யம். எழுதிக்க."

புது நோட்டில் தேதி போட்டு எழுதினேன்.

"இது எத்தன நாளிக்கி?" என்று கேட்டார்.

"மொதல்ல பத்து நாளு."

"அப்பறம்?"

நல்லதாக ஏதாவது சொல்லலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. பதினாறு வருடப் பழக்கம்.

"தெரியல ண்ணா" என்றேன்.

"செரி" என்றார். "நாளிக்கி இதே நேரத்துக்குப் போன் பண்ணு."